செக்ரட்டேரியட்டில் ஒரு பந்தயம்

அரசாங்கம் ரங்கூனை விட்டுப் புதுத் தலைநகருக்குக் கிளம்பியபோது, செக்ரட்டேரியட் பீரோக்களை லாரியில் ஏற்றும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அங்கேதான் அந்தத் தலைமைக் குமாஸ்தா அம்மாளைப் பார்த்தேன். ரங்கூனில் தின்கன்ஜூன் பேட்டைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். கனத்த உடம்பு, கன்னத்தில் சந்தனம்போல் தனக்காப் பூச்சு, இடுப்பில் கைலிபோல் சுற்றிய பச்சை லோஞ்சி. வராந்தாவில் யார் வேகமாக நடந்தாலும், "ஓடாதே! இது ஆபீசு!" என்று அதட்டுவார். அதிகாரிகளே நடையைக் குறைத்துக்கொள்வார்கள்.

கடைசி நாள் மாலை, காலியான மாடியில் அந்த அம்மாளும் நானும் மட்டும்தான் நின்றோம். எதிரெதிரே இரண்டு இரும்புப் படிக்கட்டுகள் சுழன்று சுழன்று இறங்கின. பீரோக்களை இழுத்ததில் கிளம்பிய தூசி, கைப்பிடியெல்லாம் மெத்தையாகப் படிந்திருந்தது.

"வெள்ளைக்காரன் கொண்டாந்து பூட்டுன இரும்பு தம்பி. என்ன அழகு பாத்தியா? நாளைக்கு இதுல எறங்க ஆள் இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அதுல, நான் இதுல. யாரு முதல்ல கீழ போறதுன்னு பாப்பமா?"

"ஆன்ட்டி, நீங்களா!"

சிரித்துக்கொண்டே பாய்ந்தேன். மும்மூன்று படியாகத் தாவினேன். சுற்றிய சுற்றில் தலை கிறுகிறுத்து, கட்டடமே ராட்டினமாகிவிட்டது. எதிர்ப்பக்கம் காலடிச் சத்தமே இல்லை. பாவம், இன்னும் மேலேயே நிற்கிறார் என்று நினைத்தேன்.

கீழே வந்தால், இடுப்பில் கைவைத்து நிற்கிறார்! மூச்சுக்கூட வாங்கவில்லை.

"எப்படி ஆன்ட்டி இவ்ளோ வேகமா ஓடி வந்தீங்க?"

"ஆபீசுல ஓடலாமா தம்பி?" என்று அதட்டிவிட்டு, நிமிர்ந்த நடையாக வாசலுக்குப் போனார்.

பச்சை லோஞ்சியின் பின்புறம் பட்டையாகத் தூசி. அண்ணாந்து பார்த்தேன். அவர் பக்கத்துக் கைப்பிடி மட்டும், உச்சியிலிருந்து அடிவரை, துடைத்துவிட்டதுபோல் பளபளத்தது.