உங்க வீட்டுக்குன்னா எதை எடுப்பீங்க?

அப்பா தன் வேட்டியைத் தானே துவைத்து நான் பார்த்ததில்லை. அம்மா இருந்தவரை அம்மா துவைத்தாள், அதன் பிறகு இயந்திரம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அவர் குனிந்து வேட்டியைக் கசக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததுமே எனக்கு என்னவோ போல் இருந்தது. வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

"என்னப்பா இது?"

"சாயம் போயிருச்சும்மா."

வெள்ளை வேட்டியில் ஏது சாயம்? தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நாற்பத்தோரு வருடம் நின்றுகொண்டே புடவை விற்றவர் அவர். சாயம் போகாது என்று எத்தனை ஆயிரம் பேருக்கு வாக்குக் கொடுத்திருப்பார்! ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வலி இல்லை என்றார். மூன்று வாரமாக விட்டு விட்டுச் சிறுநீரில் இரத்தம் வருகிறது என்பதை மறுநாள் மருத்துவரிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் யாருக்காவது வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், அது ஒரே ஒரு முறை என்றாலும், சூடு என்று சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதைத்தான் செய்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர் வரும் பாதை வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது). அதே வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு (எடுத்த சதையை ஆராய்வதற்கு) அனுப்பினார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய். வேகமாக வளரும் வகை, ஆனால் பையின் தசைச்சுவரை இன்னும் தொடவில்லை.

முடிவு வந்த அன்று வார்டு வாசலில் நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். துடைப்பத்துடன் வந்த பணிப்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒண்டியாவா கீற? கூட யாரும் வர்லியா?"

"தம்பி இருக்கான். கனடாவில."

"அவரு அங்க குந்திக்கினு இன்னா பண்ணுவாரு? நீ போய் டீ குடிச்சிட்டு வா. நைனாவ நான் பாத்துக்கறேன்."

போய்க் குடித்தேன். எனக்கு அப்போது ஐம்பது வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. அசோக் நகரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. அதுவரை தனியாக இருப்பது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அன்று டீக்கடையில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். சொல்லவில்லை.

அடுத்த சிகிச்சை பி.சி.ஜி. குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் இருக்கப் போடும் அதே மருந்துதான். அதைக் குழாய் வழியாகப் பைக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒன்றாக ஆறு முறை.

"ரெண்டு மணி நேரமா?" அப்பாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "தீபாவளி சீசன்ல காலைல ஒம்பதுக்கு நின்னா, சாயங்காலம் நாலு வரைக்கும் அந்தப் பக்கமே போனதில்ல டாக்டர்."

அது உண்மை. விரித்துப் போட்ட புடவைகளுக்கு முன்னால் வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது விற்பனையாளர் எழுந்து போனால், அவரும் எழுந்து போய்விடுவார். அதனால் அந்தப் பிரிவில் யாரும் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அடக்குவது அவர்களுக்கு ஒரு திறமை, பெருமையும்கூட. அதனால்தான் நோய் வந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டு அந்தக் கடையைத் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது வாரம் அப்பா நாலே கால் மணி நேரம் அடக்கினார். வேண்டுமென்றேதான். மாலையில் குளிர்க்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், இது போட்டி இல்ல. ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம்தான்."

"கூடக் கொஞ்ச நேரம் வச்சிருந்தா கூடக் கொஞ்சம் கேக்கும்னு நெனச்சேன்" என்றார் அப்பா, வகுப்பில் எழுந்து நிற்பவர் போல.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, ஒருவழியாக ஆறையும் முடித்தோம். மூன்று மாதம் கழித்துக் கேமராவில் பார்த்தபோது கட்டிகள் திரும்ப வந்திருந்தன. இந்த முறை தசைக்குள் இறங்கியிருந்தன.

மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாக இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, பையை முழுவதும் எடுத்துவிட்டு, சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டிப் பாதையாக்கி, வயிற்றில் ஸ்டோமா (சிறுநீர் வெளியேறும் சிறு வாய்) வைப்பது. அதன் மேல் வாழ்நாள் முழுவதும், சிறுநீர் சேரும் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். இன்னொன்று, சிறுநீர்ப்பையை எடுக்காமலே கதிர்வீச்சு கொடுத்து, திரும்பத் திரும்பக் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பது. கட்டிகள் பல இடங்களில் இருப்பதால் இவருக்கு இரண்டாவது வழி அவ்வளவாகக் கைகொடுக்காது என்றார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், உங்க வீட்டுக்குன்னா எதை எடுப்பீங்க?"

"ஆபரேஷன்தான் சார்" என்றார் மருத்துவர், கண் இமைக்காமல். "எங்க அப்பாவா இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்."

ஆட்டோ லஸ் முனை சிக்னலில் நின்றபோது அப்பா சொன்னார், "ஆபரேஷன் வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"யோசிக்காமச் சொல்லிட்டாரு, பாத்தியா? கடைல தெனம் அம்பது பேரு கேப்பாங்க, உங்க வீட்டுக்குன்னா எதை எடுப்பீங்கன்னு. எது விக்காமத் தேங்கிக் கெடக்கோ அதைத்தான் காட்டுவோம். அதுவும் ஒடனே காட்டணும். யோசிச்சா நம்ப மாட்டாங்க."

"அவர் ஒண்ணும் பொடவை விக்கலப்பா!"

"எல்லாரும் என்னத்தையோ விக்கத்தாம்மா செய்தாங்க."

எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்து போய்விடலாம் போல இருந்தது. அடையாறில் இன்னொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவரும் அதையே சொன்னார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அப்பா சிரித்தார். "இவரும் ஒடனே சொல்லிட்டாரு."

தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்" என்றான். கேட்பதற்கு அன்பான வாக்கியம்தான். நீங்களும் இதைக் கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டுத் தூரத்தில் இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு மாலை காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு அப்பா கேட்டார், "நீ சொல்லும்மா. உனக்குன்னா எதை எடுப்ப?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான்கு நாள் யோசித்தேன். பள்ளிக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். ஐந்தாம் நாள் காலை அவர் முன் போய் நின்றேன்.

"ஆபரேஷன்தாம்ப்பா. ஆனா எனக்குப் பயமா இருக்கு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார். "விக்கிறவனுக்குப் பயம் இருக்காது."

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நான் யோசிக்கவே இல்லை. முதல் மருத்துவர் வாய் திறந்த அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். நான்கு நாள் சும்மா நடித்தேன். உடனே சொன்னால் நம்ப மாட்டார் என்று அவரேதான் சொல்லிக் கொடுத்திருந்தார். பயம் மட்டும் நிஜம். எழுபத்தைந்து வயது மனிதர், ஏழு மணி நேர அறுவை சிகிச்சை. மேசையிலேயே போய்விட்டால் அவரை ஏமாற்றி அனுப்பியவள் நான். அந்த ஏழு மணி நேரமும் தாழ்வாரத்து நாற்காலியில் இதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்தார். ஆனால் குடல் இயங்க ஐந்து நாளாயிற்று. வயிறு உப்பி, மூக்கில் குழாயோடு கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றைப் பார்க்க மாட்டார். நான் பையை மாற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு மாதம், கேட்டதற்கு மட்டும் பதில். தப்பான சரக்கைத் தலையில் கட்டிவிட்டேன் என்று நினைக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த மாதம்தான் என் வாழ்க்கையிலேயே மிகத் தனியான மாதம். அவர் மூன்றடி தூரத்தில்தான் இருந்தார்.

பையை ஒட்டும் தகட்டில் ஸ்டோமாவின் அளவுக்கு வட்டமாக வெட்ட வேண்டும். எனக்கு அது கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு நாள் மூன்றாவது முறையாகக் கசிந்து படுக்கை நனைந்ததும் அப்பா கையை நீட்டினார்.

"கத்திரியக் கொண்டா. ஜவுளிக்கடைக்காரன் மக வெட்டுத வெட்டா இது?"

முதல் முறையாக வயிற்றைக் குனிந்து பார்த்தார். விரலால் அளந்தார். ஒரே சுற்றில் வெட்டினார். அன்று அது கசியவில்லை. அதற்குப் பிறகு வெட்டுவது அவர் வேலை, ஒட்டுவது என் வேலை.

இப்போது ஒன்றரை வருடமாகிறது. எங்கள் வீட்டில் வாரம் என்று ஒன்று கிடையாது. நான்கு நாளுக்கு ஒருமுறை தகடு மாற்றுவது உண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பையைக் காலி செய்வது உண்டு. அடக்குவதற்கு அப்பாவிடம் இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் மாலை நாலு மணிக்கு எழுந்து குளியலறை வாசல் வரை போய், கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். நானோ அலுவலகத்தில் பெற்றோர் வரிசையில் நிற்கும்போதே எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுகிறேன். யார் முறைத்தாலும் கவலையில்லை.

போன மாதம் தகட்டை வெட்டிக்கொண்டே அப்பா சொன்னார், "அன்னைக்கு டாக்டர் ரூம்லயே நீ முடிவு பண்ணிட்ட, இல்ல?"

"ஆமா."

"தெரியும். நாப்பத்தோரு வருசம் மனுச மொகத்தைப் பாத்தவன்."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"நாலு நாளு அதை ஒத்தைல செமந்துகிட்டு வீட்டுக்குள்ள நடந்தியே. பாக்க முடியல."

வெட்டிய தகட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் தடுக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, யாரும்மா எடுத்துக் குடுப்பா?"

"ஆடாம இருங்கப்பா" என்றேன். "ஒட்டிக்கிட்டிருக்கேன்."