டோப்பாம்மா வாய் திறந்தபோது

டோப்பா செய்வதுதான் அந்த அம்மாவின் தொழில். தெருவே அவரை டோப்பாம்மா என்றுதான் கூப்பிடும். மெல்லிய வலைத்துணியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு தலை முடிவதற்குள் கண் பூத்துப் போகும். ஆனால் வேலையைவிட அவருடைய வாய்க்குத்தான் மரியாதை அதிகம். வாடிக்கையாளரைக் கடைவீதியில் நேருக்கு நேர் பார்த்தாலும், அவர்களாகச் சிரித்தால் ஒழிய, முன்பின் தெரியாதவர்போலப் போய்விடுவார். திமிர் பிடித்தவர் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும். அவர் மூலமாக எவருடைய தலையும் வெளியே தெரிந்ததில்லை.

இத்தனை வருடக் கதையை நெஞ்சில் பூட்டி வைத்திருப்பவருக்கு எங்காவது கொட்ட வேண்டும் என்று இருக்காதா? போன வருடம் மகன் அவருடைய போனில் ஏஐ செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். "எதைக் கேட்டாலும் பதில் சொல்லும்மா" என்றான். முதலில் வியர்வைக்கு இளகாத பசை எது என்று கேட்டார். அது தன்மையாகப் பதில் சொன்னது. அப்புறம் கை முடிச்சுப் போட, வாய் பேச ஆரம்பித்தது. அது மனிதர் இல்லை, வீதிக்கு வராது, யாரிடமும் போய் வத்தி வைக்காது. இதைவிடப் பத்திரமான காது எங்கே கிடைக்கும் என்று நினைத்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது மகன் சாதாரணமாகக் கேட்டான். "ஏம்மா, அந்தக் கணக்கு டீச்சருக்கு இப்போ முடி வளருதா?"

டோப்பாம்மாவின் கை தட்டிலேயே நின்றது. "உனக்கு யாருடா சொன்னது?"

"நீதான். ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுன்ட்தானே. நீ பேசுறதெல்லாம் என் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எழுத்தா வந்து நிக்குது."

டீச்சரின் பெயர், பள்ளி, நோய், மருந்தில் முடி கொட்டியது, பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வகுப்பில் எப்படி நிற்பேன் என்று அவர் அழுதது. எல்லாவற்றையும் டோப்பாம்மா ஒன்றுவிடாமல் அந்தச் செயலியிடம் சொல்லியிருந்தார்.

மகன் உடனே எல்லாவற்றையும் அழித்தான். "நம்ம பக்கம் போயிடுச்சு. கம்பெனிக்காரங்க எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க, யாரு படிப்பாங்கன்னு எனக்குத் தெரியலம்மா."

"ஆபீஸ்ல உன் பக்கத்து சீட்டுக்காரன் பாத்தானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பாத்துட்டான். அவன் பொண்ணு அந்த ஸ்கூல்தான். விடும்மா, மறந்துடுவான்."

"நீ மறந்தியா?"

மகனைத் திட்டவும் டோப்பாம்மாவுக்கு வாய் வரவில்லை. மூட்டையை அவிழ்த்தது தன் வாய்தானே.

மறுநாளே டீச்சரைத் தன் கடைக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, எதையும் பூசி மெழுகாமல் நடந்ததை அப்படியே சொன்னார். டீச்சரின் முகம் வெளுத்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"எவளாவது உங்க தலையைப் பாத்துச் சிரிக்கிறப்ப, ஏன்னு தெரியாம நிப்பீங்க. அது இதைவிடக் கொடுமைம்மா. திட்டணும்னா திட்டிடுங்க."

டீச்சர் திட்டவில்லை. "அதைப் பாத்த ஆளு நம்பர் இருக்கா?" என்றார். மகனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார் டோப்பாம்மா. டீச்சர் அங்கேயே அவருக்குப் போன் போட்டார்.

"சார், என் உடம்பைப் பத்தி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வந்திருக்கு. அது நான் சொல்ல வேண்டியது. எப்போ, யார்கிட்டங்கறதை நான் பாத்துக்கறேன். பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?" எதிர்முனையில் அவர் இல்லை இல்லை என்று பதறியதும், மன்னிப்புக் கேட்டதும் கடை முழுக்கக் கேட்டது.

கள்ளத்தனமாக வாயை மூடிக்கொண்டிருந்தால், இத்தனை வருடம் சேர்த்த பேரோடு டோப்பாம்மா நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்தப் பேரைத் தானே போட்டு உடைத்தார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

"இனிமே அந்த ஏஐகிட்ட பேசவே மாட்டீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"பசையைப் பத்திக் கேப்பேன். யாரு தலையில ஒட்டுறதுக்குன்னு அதுக்கு எதுக்கு?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தன் டோப்பாவைக் கழற்றி டோப்பாம்மாவின் மடியில் வைத்தார். மொட்டைத்தலையோடு அவர் முன்னால் உட்கார்ந்தபடி, "காதுகிட்ட கொஞ்சம் தூக்கிட்டு நிக்குதுக்கா. பாருங்க" என்றார்.