பட்டப்பகலில் எரிந்த பதினாலாம் நம்பர் கம்பம்

என் அக்கா வீட்டுக்காரர் நகராட்சித் தெருவிளக்குப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக மெக்கானிக். லைட்டுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும், எனக்கு அத்தான். பட்டப்பகலில் எங்காவது ஒரு தெருவிளக்கு எரிந்தால் மனிதருக்கு மானம் போன மாதிரி ஆகிவிடும். வண்டியை ஓரங்கட்டி, கம்பத்தின் நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகுதான் நகர்வார். அக்கா விருந்துக்கு உடுத்திக்கொண்டு கிளம்பி நடுரோட்டில் கால் கடுக்க நின்ற கதைகள் எங்களிடம் நிறைய உண்டு.

இன்னொரு குணமும் உண்டு. தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். குழம்பில் அவரே இரண்டாம் தடவை உப்புப் போட்டிருந்தாலும் உப்பு மட்டமான உப்பு என்பார். நான் அதைச் சொல்லிக்காட்டுவேன். இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார். வீடு நிம்மதியாக இருக்கும்.

அவருடைய ஒரே மகளை வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவைப் பார்த்து வளர்ந்ததால் மின் பொறியியல் படித்தாள். துணை மின்நிலையத்தில் வேலை கிடைத்தும் போகாமல், வீடியோ கேம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். விளையாட்டில் எங்கே கோளாறு என்று தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை.

"பொம்மை விளக்குக்கு ரிப்பேர் பாக்கவா உன்னைப் படிக்க வச்சேன்? இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அத்தான் குதித்தார்.

"வேலைதான்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏழு மாதம் ஆயிற்று. இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா இடிபட்டுப் பாதியாக இளைத்துப்போனாள். எனக்கு அப்பா, மகள் இருவர் மேலும் கோபம்தான். அத்தான் மேல் கொஞ்சம் கூடுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குடியிருக்கும் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். திரையில் இருந்தது வாண்டுவின் கம்பெனி விளையாட்டு. கட்டைகளை அடுக்கி வீடு, தெரு என்று இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். அங்கேயும் பொழுது விடியும், சாயும், மழை பெய்யும்.

"அப்படி என்னத்தக் கிழிக்கறான்னு பாக்கலாம்னுதான்..." என்றார். யாரும் கேட்காமலே வந்த விளக்கம்.

மனிதர் ஒரு தெருவையே போட்டு, கம்பங்களுக்கு நம்பரும் கொடுத்திருந்தார். பதின்மூன்று கம்பங்களுக்குச் சுவிட்ச். பதினாலாவதில் வெளிச்சம் அறியும் கட்டை ஒன்றை வைத்திருந்தார். இருட்டினால் அது விளக்கைத் தானாகப் போட வேண்டும், விடிந்தால் அணைக்க வேண்டும். விளையாட்டில் அப்போது உச்சிவெயில். பதினாலாம் நம்பர் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

விளக்கை மாற்றினார். வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தார். விளக்கின் வெளிச்சமே கட்டையைக் குழப்புகிறதோ என்று அதைத் தள்ளி வைத்தார். நிஜத் தெருவில் அப்படி நடப்பதுண்டாம். கட்டையையே நாலு தடவை மாற்றினார். விளக்கு அணைகிற வழியாக இல்லை. கடைசியில் கம்பெனிக்கே புகார் எழுதினார், ஆபீஸ் நடையில்: 'கம்பம் எண் 14. பகலில் எரிகிறது. காரணம்: தங்கள் கட்டையின் தரக்குறைவு. உடன் நடவடிக்கை தேவை.'

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் பதில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, சோதனைப் பிரிவு என்று மட்டும் இருந்தது. அத்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

'கட்டையில் கோளாறு இல்லை. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க அதன்மேல் மூடி போட்டிருக்கிறீர்களா? தெருக் கம்பத்தில் இருக்கும் சென்சார் பக்கவாட்டில் வெளிச்சம் வாங்கும். இந்தக் கட்டை நேர் மேலே வானத்தை மட்டுமே பார்க்கும். மூடினால் இதற்கு எந்நேரமும் ராத்திரிதான்.'

போட்டிருந்தார். கட்டையை மாற்றிய நாலு தடவையும் மூடியைப் பத்திரமாக எடுத்து மறுபடி மேலே வைத்திருந்தார். சென்சாருக்குத் தகரத்தை வளைத்து மாட்டுவது அவர் பிரிவில் எல்லாருக்கும் கையில் ஊறிப்போன பழக்கம். மற்றவர்களுக்கு அப்படி ஒரு யோசனையே வராது.

மூடியை எடுத்தார். விளக்கு அணைந்தது.

"நான் மூடி போடுவேன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்க யாரோ ஒரு லைட்டுக்காரர் பொண்ணு வேலை பாக்குது போல அத்தான்" என்றேன்.

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான்னு தெரிஞ்சுமா யாருக்கோ எழுதற மாதிரி எழுதியிருக்கா?"

"நீங்க மட்டும் என்ன, மகளுக்கா எழுதினீங்க?" என்றாள் அக்கா. கைபேசியை எடுத்து, மகளின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். மறுபேச்சுக்கு இடமே கொடுக்கவில்லை.

"அம்மா, சொல்லும்மா" என்றது வாண்டுவின் குரல்.

அத்தான் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "நான்தான். கம்பம் பதினாலு அணைஞ்சிருச்சு. மூடி போட்டது நான்தான். தப்பு என்னோடது."

இத்தோடு நிறுத்திவிடுவாரோ என்று அவரையே பார்த்தேன்.

"நாலு தடவை கழட்டிப் பாத்த எனக்குப் பிடிபடல. நீ பாக்காமலே சொல்லிட்ட. நீ பாக்கறது வேலைதான் வாண்டு. நல்லாவே பாக்கற."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கோளாறு என்னன்னு படிச்ச உடனே தெரிஞ்சிருச்சுப்பா. உங்களுக்கு எப்படி எழுதறதுன்னுதான் தெரியல. அதுக்குத்தான் மூணு நாள் ஆயிருச்சு."

"பரவாயில்லம்மா" என்றார் அத்தான். "எனக்கு ஏழு மாசம் ஆச்சு."