ஒற்றைக் கை ஸ்வெட்டர்

சேலையில் குத்தியிருந்த ஊக்கு எப்போது கழன்று விழுந்தது, எப்போது கால் விரலில் ஏறியது என்று ராஜத்துக்குத் தெரியவில்லை. சமையலறைத் தரையில் ரத்தத்தைப் பார்த்ததும், பிள்ளைகளில் யாருக்கு அடிபட்டது என்றுதான் முதலில் தேடினாள்.

டிஸ்பென்சரியில் டாக்டரம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். இரண்டு விரல்களில் ராஜத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை ஏறிக் கிடந்தது. மாத்திரை மட்டும் போதாது, தினமும் வேகமாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மரப்பு மேலே ஏறும், புண் வந்தால்கூடத் தெரியாது, விரலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னாள். ராஜம் நேரமில்லை என்றாள். டாக்டரம்மா வாதாடவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அது ராஜத்துக்கு உறைத்தது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் விடியுமுன் வரும் தண்ணீரைப் பிடித்தாக வேண்டும். பிறகு பால் பூத், சமையல், பஸ், ஆபீஸ், மறுபடி பஸ், மறுபடி அடுப்பு. மிஞ்சியது மத்தியான இடைவேளை. அதுவும் அவளுடையதாக இல்லை. தில்லியில் குளிர் தொடங்கிவிட்டால் ஆபீஸ் பெண்கள் புல்தரை வெயிலில் உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்தபடி ஸ்வெட்டர் பின்னுவார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த ராஜமும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதுதான் வினை. வருஷாவருஷம் கணவர், பிள்ளைகள், கணவரின் தங்கை செல்வியின் குடும்பம் என்று எல்லாருக்கும் அவளே பின்னினாள். எழுபத்தொன்பதாம் வருஷக் குளிருக்குச் செல்வி தன் கணவனுக்கென்று கருநீல நூல் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

ராஜம் இரண்டையும் சேர்த்துச் செய்யப் பார்த்தாள். நூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னியபடியே புல்தரையைச் சுற்றினாள்.

"இந்தச் சாமர்த்தியம் யாருக்குடி வரும்?" என்றாள் உடன் வேலை பார்க்கும் வைதேஹி.

ராஜத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நின்று கண்ணி எண்ண வேண்டியிருந்தது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. எப்படி நடந்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டரம்மா, "நீ நடக்கவில்லை, ஸ்வெட்டரைக் காற்று வாங்க அழைத்துப் போயிருக்கிறாய்" என்றாள்.

மாற வேண்டும் என்று நினைக்கிறவர்கள்கூடப் பழையதில் எதையும் விட விரும்புவதில்லை. ராஜமும் அதற்கு விலக்கல்ல. மறுநாள்தான் அவள் உண்மையில் ஒன்றை விட்டாள். பையை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு படியிறங்கினாள்.

"என்னடி இது, குடியரசு தினப் பரேடா?" என்றாள் வைதேஹி. "ஒரு கைதானே பாக்கி? முடிச்சுட்டு ஓடேன்."

"நீ முடிச்சுக் குடேன்" என்று ராஜம் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கிட்வாய் நகரிலிருந்து செல்வி வந்தாள். ராஜம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன மதினி, ஒரு கைதான போட்டிருக்கு? அவுக ஒரு கையை மட்டும் மூடிக்கிட்டா ஆபீஸ் போவாக?"

"இன்னொரு கையை நீ போடு செல்வி."

"எனக்குப் பின்னத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? மத்தியானம் சும்மா வெயில்லதான உக்காந்திருப்பீக."

"இப்ப உக்காரல. நடக்கேன்."

கணவர் மாணிக்கவாசகம் பேப்பரைத் தாழ்த்தினார். "ஒரு வாரத்து வேலை. முடிச்சுக் குடுத்துட்டு ஆசை தீர நட. யாரு வேண்டாங்கா?"

"அது முடிஞ்சா பொங்கல் வரும். பொறவு பிள்ளையளுக்குப் பரீட்சை. பொறவு ஊருக்குப் போகணும். இதையெல்லாம் நீங்க சொல்லவே வேண்டாம், நானே எனக்குச் சொல்லிக்கிட்டதுதான்."

"அங்க ஒரு மனுசன் குளிர்ல நடுங்குதாரு" என்றாள் செல்வி.

ராஜம் வலது காலை அவள் பக்கம் நீட்டினாள். "இந்த விரலைக் கிள்ளு."

செல்வி கோபத்தில் கிள்ளினாள். ராஜம் முகம் மாறவில்லை.

"இன்னும் பலமாக் கிள்ளு."

செல்வி நகத்தை அழுத்தினாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மாணிக்கவாசகம் பேப்பரை மடித்தார். அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்ததைக் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

"ஸ்வெட்டர் கரோல்பாக் கடையில கெடைக்கும்" என்றாள் ராஜம்.

செல்வி மிச்ச நூலையும் அள்ளிக்கொண்டு போனாள். பல வாரங்கள் அந்தப் பக்கம் வரவில்லை. ராஜம் சமாதானம் பேசப் போகவில்லை. போனால் கையோடு நூலும் திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் டாக்டரம்மா மறுபடி விரல்களை அழுத்தினாள். சர்க்கரை இறங்கியிருந்தது. விரல்களில் உணர்வு திரும்பவில்லை, ஆனால் மரப்பு மேலே ஏறவும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்று ராஜம் கேட்டாள்.

"அவ்வளவுதான். நிறுத்தினால் அதுவும் இல்லை."

இத்தனை பாடுபட்டவளுக்கு இது பெரிய வெகுமதி அல்ல. அன்று மத்தியானமாகியும் பனி கலையவில்லை. வெயில் இல்லாததால் புல்தரையில் ஒருவருமில்லை. பெண்கள் அறைக்குள் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்காவது உக்காரேன்டி" என்றாள் வைதேஹி.

ராஜம் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். உணர்வில்லாத விரல்களுக்கு நாடா எவ்வளவு இறுகியது என்று தெரியாது என்பதால், கையை விட்டுத் தடவிப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு பனிக்குள் இறங்கி வேகமாக நடந்தாள்.