அம்பா இல்லாமல் இழுத்த வலை

காலை ஐந்து முப்பத்தைந்து. முதலில் கண்ணில் பட்டது மணலில் ஒரு தடம். ட்ராக்டர் சில்லுத் தடமென்று நினைத்தேன். அதன் முடிவில், பாதி மணலுக்குள் புதைந்த பழைய காவலரண் ஓரமாக, ஒரு கடலாமை முட்டையிடக் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

போர்க்காலத்தில் அந்தக் காவலரணில் இராணுவம் இருந்தது. இருட்டிவிட்டால் ஒருவரும் கடற்கரைக்குப் போக முடியாது. அதனால் இந்த ஊரிலேயே வளர்ந்தும், ஆமை கரையேறியதை நான் அதுவரை கண்டதில்லை.

ஆனால் கரைவலை கடலில் கிடந்தது. மாரி ஓய்ந்தபின் என் மச்சான், தங்கையின் கணவர், இறக்கிய முதல் வலை. மாரி முழுக்க அவருக்கும் உழைப்பில்லை, அவரோடு இழுப்பவர்களுக்கும் இல்லை. கயிற்றின் இரு நுனிகளையும் பிடித்து இரண்டு வரிசை ஆட்கள் நின்றார்கள். சத்தம் கேட்டு ஆமை வெருண்டு திரும்பினால் நேரே வலைக்குள்தான் போகும். வலை கிழியும், மீன் தப்பும்; ஆமை செத்தால் வழக்கும் வரும்.

"காக்கா, அம்பா பாடாம இழுக்க ஏலுமா?" என்று மச்சான் வடக்குக் கயிற்றின் முன்னால் நின்ற மூத்தவரிடம் மெல்லக் கேட்டார்.

"ஏலும். ஆனா ரெண்டு பக்கமும் ஒண்டா வராது. ஒரு பக்கம் முந்தினா மீனெல்லாம் மத்தப் பக்கத்தால போயிரும்."

அம்பாப் பாட்டின் தாளத்தில்தான் இரு வரிசையும் சேர்ந்து இழுக்கும். மச்சான் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடுவில் போய் நின்றார். தொப்பி உயர்ந்தால் பிடி, தாழ்ந்தால் இழு.

கயிறு முறுகும் சத்தம் மட்டுமே கேட்டது.

"ஆள் செத்த மௌத்து வீட்டுலயும் இப்பிடி அமைதி இல்லடா," என்று தெற்கு வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

"நீ வாற மௌத்து வீட்டுல எங்க அமைதி?" என்றார் பின்னால் நின்றவர்.

சிரிப்பை அடக்கியதில் அந்த வரிசை ஓர் இழுவை தவறியது. கடலில் மிதவைகள் சரிந்தன. மச்சான் வடக்கு வரிசைக்குத் தொப்பியை உயர்த்திப் பிடித்தபடி, மறுகையால் தெற்கை இழுக்கச் சொன்னார். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிப்போய்த் தெற்குக் கயிற்றைப் பிடித்தேன். மிதவைகள் நேராகின. தொப்பி தாழ்ந்தது.

வெயில் ஏறியபோது வலையின் மடி கரையைத் தொட்டது. கீரிமீன். தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. மடி கரையேறும்போது கூச்சலிடுவது எங்கள் கடற்கரை வழக்கம். கைகளை உயர்த்தினார்கள், தோளில் அடித்துக்கொண்டார்கள்; ஒருவரும் சத்தமிடவில்லை.

"மச்சான், அது இன்னும் இரிக்கா?" என்று தங்கை கணவர் என் காதருகே கேட்டார். திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

நான் பார்த்தேன். ஆமை குழியை மூடிக்கொண்டிருந்தது.