மகிழமரத்து மேட்டைச் சுற்றி ஒரு பாதை

நான் கோடு போட்டால் ஸ்கேலுக்கே சந்தேகம் வந்துவிடும் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் மூன்றாவது மாடியில் இருந்த ஒரு பார்சிக்காரரின் ஆபீசில் நான் டிரேசர். அவர் வீடு கட்டுகிற ஆர்க்கிடெக்ட் இல்லை. பூங்காக்கள், ஆஸ்பத்திரித் தோட்டங்கள், காலனிகளுக்கு நடுவே விட்டுவைத்த காலி இடங்கள், இவைதான் அவர் தொழில். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "தோட்டக்காரனுக்கு எதுக்குடி ஆபீஸ்? ஃபேனுக்கு அடியில உக்காந்துண்டா செடி வைப்பான்?" என்று ஒரு மாமா கேட்டார். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "ஆமாம் மாமா, ரோஜாவுக்கெல்லாம் டைப் அடிச்சு லெட்டர் போடுவோம்" என்றேன். அம்மா உள்ளேயிருந்து முறைத்தாள்.

அந்த ஆபீசை நினைத்தால் இன்றைக்கும் மெழுகுத் துணியின் வாசனைதான் முதலில் வருகிறது. முதலாளி மெல்லிய காகிதத்தில் பென்சிலால் வரைந்து தருவார். அதைப் பலகையில் குத்தி, மேலே மெழுகு பூசிய டிரேசிங் துணியை விரித்து, சாக்பீஸ் தூள் தடவித் துடைத்துவிட்டு, அவர் கோட்டின் மேலேயே நான் மசியால் கோடு போடவேண்டும். பென்சில் படத்தில் ஓர் எழுத்துகூட இருக்காது. வாசல், பாதை, மரம் என்று எழுதுவதெல்லாம் என் வேலை. நான் முடித்த துணியிலிருந்துதான் நகல் எடுத்து மேஸ்திரிக்குக் கொடுப்பார்கள். ஜன்னல் வழியாகத் துறைமுகக் காற்று வரும்போது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் காகிதத்தின் மேல் கையை வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிஷம் யாரும் வேலை செய்ய முடியாது, அதனால் எல்லாரும் சிரிப்போம். மத்தியானம் மூன்று மணிக்கு இரானி டீ வரும். எனக்கு அந்த நாட்கள் அவ்வளவு பிடித்திருந்தன. அப்போதே அது எனக்குத் தெரிந்தும் இருந்தது.

செம்பூர் வேலை வந்தது சீனச் சண்டை முடிந்து இரண்டாவது வருஷம். அங்கே ஒரு காலனியில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். அந்தக் காலனியிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒருவன் திரும்பி வரவில்லை. செத்துப்போனான் என்று தந்தி வரவில்லை, காணவில்லை என்றுதான் வந்தது. காலனிக்கு நடுவே இருந்த பொட்டலில் அவன் பேரில் ஒரு நினைவுத் தோட்டம் போடவேண்டும், நடுவில் பேர் வெட்டிய கல் நிற்கவேண்டும் என்று சொசைட்டி செக்ரட்டரி வந்து சொன்னார்.

அடுத்த வாரம் அவன் மனைவியே ஆபீசுக்கு வந்துவிட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, என் வயதுதான் இருக்கும். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு முதலாளியிடம் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "தோட்டம் போடட்டும், நான் வேண்டாங்கல. கல்லு மட்டும் வேண்டாம். அவர் திரும்பி வந்து தன் பேரைக் கல்லுல பாக்கணுமா, சொல்லுங்கோ."

நான் அதை மொழிபெயர்த்தேன். முதலாளி அதைக் குறித்துக்கொண்டார். அவள் போனபிறகு, கல் வேண்டாம், ஒரு மேடு, மேலே ஒரு மகிழமரம், வாசலில் தொடங்கி மேட்டைச் சுற்றிச் சுற்றி ஏறி மரத்தடியில் முடிகிற ஒரு பாதை, அவ்வளவுதான் என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "உங்கள் ஜனங்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயிலில் சுவாமி நம் வலக்கைப் பக்கம் வரும்படி சுற்றுவோம், அதுதான் வலம் வருவது என்றேன். இடக்கைப் பக்கம் வரும்படி சுற்றுவது சாவுக் காரியத்தில் மட்டும், அந்தப் பக்கம் ஒரு குழந்தைகூடச் சுற்றாது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வரைந்தார். வாசலில் நுழைந்ததும் பாதை இடப்பக்கம் திரும்பியது. அதில் நடந்தால் மேடு வலக்கைப் பக்கம் இருக்கும். சரியாகத்தான் போட்டுக் கொடுத்தார்.

நான் இரண்டே நாளில் மசியில் போட்டு முடித்தேன். என் எழுத்துகள் அச்சடித்த மாதிரி இருந்தன. அவர் கையெழுத்துப் போட்டார். வேலை தொடங்கியது.

மேஸ்திரி தாராவியிலிருந்து வந்தார், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மேட்டுக்கு மண் கொட்டிப் பாதைக்குக் கல் பதிக்கும் சமயத்தில் நான் அளவு பார்க்கப் போயிருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"எம்மா, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதிய. வாசல்ல நுழைஞ்சதும் பாதை சோத்தாங்கைப் பக்கமாத் திரும்புது. மேடு பீச்சாங்கைப் பக்கம்லா வருது? நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவுக, எங்களுக்கு எப்படிச் சுத்துனாலும் ஒண்ணுதான். ஒங்க ஆளுக இதெல்லாம் பாப்பாகள்லா?"

ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் போதும். ஆனால் வெயில், போதாக்குறைக்குக் கையில் நானே வரைந்த நகல். "பிளான் போட்டவாளுக்குத் தெரியாதா? அதுல இருக்கற மாதிரி கட்டுங்கோ, போறும்" என்று வெட்டிவிட்டேன். அவர் சரியென்று போய்விட்டார். என் வாழ்க்கையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் வார்த்தைகள் நிறைய உண்டு. அதில் இது முதல் வரிசை.

மழைக்காலம் முடிந்து தோட்டத்தைத் திறந்தார்கள். சாயங்காலம், காலனி முழுக்க வந்திருந்தது. மகிழங்கன்று இடுப்புயரம்கூட இல்லை, ஆனாலும் அதற்கு யாரோ சந்தனம் வைத்திருந்தார்கள். ரிப்பன் வெட்டினதும் இரண்டு மாமிகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பத்தடி நடந்திருப்பார்கள். முன்னால் போனவள் சட்டென்று நின்றாள்.

"என்னடி இது, இடமான்னா போறது!"

பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பஞ்சாபிக் குழந்தைகள் நாலு பேர் மட்டும் ஓடி உச்சிக்கே போய்விட்டார்கள். தமிழ் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பி வாசலுக்கு வந்துவிட்டார்கள். செக்ரட்டரி முகத்தில் ஈயாடவில்லை. எல்லார் கண்ணும் போன இடத்தில் காணாமல்போனவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள், பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு.

அவள் நேரே முதலாளியும் நானும் நின்ற இடத்துக்கு வந்தாள். "இதை யார் வரைஞ்சது?"

"நான்தான்" என்றேன்.

"அப்போ உங்களுக்கும் அவர் போய்ட்டார்னுதான் தோணித்தா?"

எனக்கே அப்போது என்ன நடந்தது என்று தெரியாது. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நான் ரயிலில் மாட்டுங்கா வரைக்கும் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன். அழுதேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக முதலாளியின் பென்சில் காகிதத்தைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். குட்டு உடனே வெளிப்பட்டது. மெல்லிய காகிதம், இரண்டு பக்கமும் கோடு ஒரே மாதிரி தெரியும். நான் அதைக் குப்புறப் போட்டுக் குத்தியிருக்கிறேன். அந்தப் பொட்டலோ ஏறக்குறைய சதுரம், வாசல் நட்டநடுவில். புரட்டிப் போட்டாலும் எல்லாம் பொருந்தியது, பாதை திரும்பும் பக்கம் ஒன்றைத் தவிர. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் கையெழுத்துப் போட்டேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பென்சில் காகிதத்தையும் நகலையும் சுருட்டி எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். தரையில் விரித்துக் காட்டினேன். எப்படிப் புரண்டது, மேஸ்திரி கேட்டபோது நான் எப்படி எரிந்து விழுந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காகிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் தானே திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க வேணும்னு பண்ணலைங்கறது புரியறது. ஆனா கட்டினது கட்டினதுதானே. நான் அதுல எப்படி நடப்பேன்?"

பாதையைப் பெயர்த்துத் திருப்பிப் போட சொசைட்டி சம்மதிக்காது என்பது இருவருக்குமே தெரியும். காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் படத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். விரல் வாசலிலிருந்து சுற்றிச் சுற்றி மரத்துக்குப் போயிற்று. அப்புறம் மரத்திலிருந்து அதே வழியில் திரும்பி வெளியே வந்தது. வாசலில் நின்றது.

"வெளில வரச்சே வலமான்னா வரது?"

நான் குனிந்து பார்த்தேன். ஆமாம். உள்ளே போனால் இடம், வெளியே வந்தால் வலம். வாசலிலிருந்து மரத்துக்கு நேராகப் படி வைத்துவிட்டால் போதும். படியேறி மரத்தடிக்குப் போய்ப் பாதையில் சுற்றி இறங்கலாம். நாலு வருஷமாக வரைகிற எனக்குத் தோன்றாதது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காரிக்குத் தோன்றிற்று. நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

படிகளை நான் வரைந்தேன், காகிதத்தின் மூலையில் 'இது மேல்பக்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு. மேஸ்திரி இரண்டு ஞாயிறு வந்து கட்டிக்கொடுத்தார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்கம்மா, கல்லுதானே, வெச்சாப் போச்சு" என்றார். காலனிக்காரர்கள் படியேறி வலமாக இறங்கப் பழகிவிட்டார்கள். ஏன் அப்படி என்று பின்னால் குடிவந்தவர்கள் கேட்கக்கூட இல்லை. அவள் தினமும் டியூட்டி முடிந்து வந்து படியேறுகிறாள் என்று செக்ரட்டரி எழுதியிருந்தார். தப்பு சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியானேன்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகிக் குர்லாவில் இருந்தேன், ஆபீசை மட்டும் விடவில்லை. ஒரு காலை நேரம் செம்பூருக்கு வேறு வேலையாக வந்தவள், மரம் எப்படியிருக்கிறது பார்க்கலாமே என்று காலனிக்குள் போனேன். மகிழமரம் ஆளுயரத்தைத் தாண்டியிருந்தது. பாதையெல்லாம் பூ உதிர்ந்து கிடந்தது.

அவள் மேட்டின் மேல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் படி வழியாக நேரே வாசலுக்கு இறங்கி வந்தாள். பொட்டு அப்படியே இருந்தது. குளித்த தலையை முடியாமல் விட்டிருந்தாள். எப்போதும் படியேறிப் பாதையில் இறங்குகிறவள் படியிலேயே இறங்குகிறாளே என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அவள் பாதை வழியாக, இடமாகச் சுற்றி ஏறியிருக்கிறாள்.

"லெட்டர் ஏதாவது வந்துதா?" என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் எழுதல. ஏழு வருஷம் ஆயிடுத்து. நானா முடிவு பண்ணிண்டேன். ஆத்துல யாருக்கும் சொல்லல." மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "மூணு சுத்து சுத்தணும். ஒண்ணு ஆச்சு. கூட வரேளா?"

நான் செருப்பைக் கழற்றினேன். வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பி, மேடு இடக்கைப் பக்கம் வர, அவள் பின்னாலேயே நடந்தேன்.