பதறிய கை

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஒரு வேலையில் கை இருக்கும்போதே அடுத்த வேலைக்குக் கால் கிளம்பிவிடும். அப்படிப்பட்டவள் பிறரை அமைதிப்படுத்தும் தொழிலுக்குப் போனது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்குத் தீராத வேடிக்கை.

"ஊரையே படுக்க வைக்கிறா. இவ உட்கார்ந்து நான் பார்த்ததில்ல" என்பார்.

முன்பு ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலிக்காகத் தொடுசிகிச்சைக்குப் போனாள். வலி குறைந்ததும் அதையே கற்றுக்கொண்டாள். மோட்டார் பட்டறைக்கு மேலே வாடகை அறை, மெத்தை போட்ட கட்டில், பள்ளி ஆய்வகத்தில் இருக்குமே, அந்த மாதிரி இரண்டு இசைக்கவைகள். கவையைத் தட்டி எலும்பின் மேல் வைப்பாள். அதிர்வு உள்ளே ஓடும். பிறகு தோளில் கை வைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்வாள். உடம்புக்குத் தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்ளத் தெரியும், நினைவூட்டினால் போதும் என்று நம்பினாள்.

நர்ஸான மகள் நம்பவில்லை. விடுமுறைக்கு வந்தவள் சாப்பிடும்போது கேட்டுவிட்டாள்.

"மாத்திரையை நிறுத்திட்டு ஒருத்தர் உன்கிட்ட வந்தா யாரும்மா பொறுப்பு?"

"வலியோட வர்றாங்க, நல்லாயிட்டுப் போறாங்க. உனக்கென்னடி வயித்தெரிச்சல்?"

மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பெட்டியைக் கட்டினாள். அதன்பின் போனே இல்லை.

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். "நீயே பேசேன்" என்று கணவர் சொன்னால், "நான் ஏன் இறங்கிப் போகணும்?" என்று சீறுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். குறுக்கே ஓடிய குழந்தை மயிரிழையில் தப்பியதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒருநாள் சிகிச்சையின் நடுவில் கண்ணைத் திறந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இன்னைக்கு நான் நல்லாத்தான் இருக்கேன். உங்க கைதான் படபடங்குது."

அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். மழுப்ப நினைத்தாள், முடியவில்லை. "பொண்ணு பேசுறதில்ல தம்பி" என்று தொடங்கியவள், சண்டையை முழுதாகக் கொட்டிவிட்டாள்.

மகள் கேட்ட கேள்வியைச் சொன்னதும் ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் பிரஷர் மாத்திரையை விட்டுட்டேன் அக்கா. இங்க வந்ததுலேர்ந்து உடம்பு லேசா இருந்துச்சு, அதான்."

அவள் உடனே அறையைப் பூட்டி, அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. டாக்டர் இருவரையும் சேர்த்தே திட்டினார். வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"நீ சொன்ன மாதிரியே ஒருத்தர் இருக்காருடி."

"பிரஷர் எவ்வளவு காட்டுச்சு?" என்றாள் மகள். அளவைக் கேட்டதும், "அவர் பக்கத்துலயே இரு. நான் லைன்லயே இருக்கேன்."

ஓட்டுநர் மீண்டும் மாத்திரை சாப்பிட்டு, சில வாரங்களில் பேருந்தும் எடுத்தார். சிகிச்சைக்கும் வந்தார். அதிர்வால் என்ன ஆகும் என்று தாயும் மகளும் போனில் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மருத்துவமனைக்குப் போய்வந்த அந்த வாரம் முழுவதும் பம்பரம் தூங்கவில்லை. சிகிச்சைக்கு வந்துபோன பழைய ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மாத்திரையை விட்டீர்களா என்று கேட்டாள். சிலருக்குக் கோபம் வந்தது. ஒரு தையல்காரர் போனை எடுக்கவே இல்லை. விடிந்ததும் அவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள். தூக்கக் கலக்கத்தில் திறந்தவர் அவள் கேள்வியைக் கேட்டுத் திகைத்து, உள்ளே போய் பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்துவந்து காட்டினார்.